பிஎஸ்ஏ புரதத்துக்குள் சிவப்பாக ஒளிரும் தங்க நானோகொத்து: செய்து முடிக்க முழுமையான வழிகாட்டி

தங்க நானோகொத்து என்பது சில பத்து தங்க அணுக்கள் மட்டுமே சேர்ந்த சின்னக் கொத்து. தேவைப்படும் பொருட்கள் நான்கு: தங்க உப்பான குளோரோஆரிக் அமிலம், மாட்டுக் குருதிப் புரதமான பிஎஸ்ஏ, எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு), தூய நீர். 37 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம் கலக்கினால், யூவி (புற ஊதா) விளக்கின் கீழ் சிவந்து ஒளிரும் பழுப்புக் கரைசல் கிடைக்கும். 2009-இல் சிங்கப்பூரில் ஜாக்கி யிங் குழுவினர் வெளியிட்ட முறை இது. இன்று பல ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் மாணவருக்குக் கொடுக்கும் முதல் வேலையும் இதுதான்.

செய்முறை நான்கு வரிகளில் அடங்கிவிடுவதால் பலரும் அலட்சியமாக இறங்குகிறார்கள். காலையில் ஊதா நிறத் தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் ஒளிராத மஞ்சள். தவறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் நடக்கிறது: பாத்திரம், எரிசோடா, கலக்கும் வரிசை. கீழே அந்த மூன்றுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. முதலில் கணக்கு

மூல அளவு இது: 10 மில்லிமோலார் தங்கக் கரைசல் 5 மிலி, மில்லிலிட்டருக்கு 50 மிகி பிஎஸ்ஏ கரைசல் 5 மிலி, 1 மோலார் எரிசோடா 0.5 மிலி. மொத்தம் 10.5 மிலி.

இதை மோல் கணக்கில் மாற்றிப் பாருங்கள். தங்கம் 50 மைக்ரோமோல். பிஎஸ்ஏயின் மூலக்கூறு எடை சுமார் 66,400. ஆகவே 250 மிகி என்பது 3.76 மைக்ரோமோல். ஒரு புரத மூலக்கூறுக்குச் சுமார் 13 தங்க அணுக்கள் வருகின்றன. இந்த விகிதத்தைக் குறித்து வையுங்கள். தங்கத்தைக் கூட்டினால் ஒளிர்வும் கூடும் என்று நினைத்து இரட்டிப்பாக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. புரதத்தில் இடம் பிடிக்காத தங்கம் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துகளாகும். பெரிய துகள் ஒளிராது. பக்கத்தில் இருக்கும் கொத்துகளின் ஒளிர்வையும் அது விழுங்கும்.

எரிசோடா 500 மைக்ரோமோல். தாராளமாகத் தெரியும் அளவுதான், ஆனால் மிச்சம் நிற்பது கொஞ்சம். ஒரு பிஎஸ்ஏ மூலக்கூறில் லைசின் என்ற அமினோ அமிலம் மட்டும் 60-ஐ ஒட்டி இருக்கிறது, டைரோசின் என்பது 20-ஐ ஒட்டி. இவற்றின் புரோட்டான்களையும் தங்க உப்பின் அமிலத்தையும் தீர்க்கவே காரத்தின் பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவதுதான் பிஹெச் அளவை 12-ஐ ஒட்டி நிறுத்துகிறது. எரிசோடா 20 விழுக்காடு வீரியம் குறைந்திருந்தால் குறைவது இந்த எஞ்சிய பங்கிலிருந்துதான்.

பழகும்வரை ஐந்தில் ஒரு பங்கில் செய்யுங்கள்: 1 மிலி, 1 மிலி, 0.1 மிலி. ஒரு முயற்சிக்குத் தங்க உப்பு 4 மிகி கூடச் செலவாகாது. அந்த உப்பின் எடையில் பாதி தங்கம் என்பதை நினைத்தால் சிக்கனத்தின் அருமை புரியும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

குளோரோஆரிக் அமில முந்நீரேற்று, மூலக்கூறு எடை 393.83. அடுத்தது பிஎஸ்ஏ தூள். 96 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை இருந்தால் போதும், கொழுப்பமிலம் நீக்கிய விலை உயர்ந்த வகை தேவையில்லை. ஆனால் அசைடு போன்ற பதப்படுத்தி சேர்த்த திரவ பிஎஸ்ஏ வேண்டாம். எரிசோடா வில்லைகள் புதிய புட்டியிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். தண்ணீர் 18.2 மெகாஓம் தரம்.

தாங்கல் கரைசல் எதிலும் புரதத்தைக் கரைக்காதீர்கள். "புரதமாயிற்றே" என்று பழக்கத்தில் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் தாங்கலை எடுப்பவர்கள் உண்டு. தாங்கலின் வேலையே பிஹெச் மாறாமல் பிடித்து வைப்பது. நமக்கு வேண்டியது பிஹெச் சட்டென்று ஏறுவது. டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற தயால் (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி உள்ள சேர்மம்) சேர்ந்த கரைசல்கள் அந்த மேசைக்கே வரக் கூடாது. அவை தங்கத்தைப் புரதத்திடமிருந்து பறித்துவிடும்.

கருவிகள் என்று பார்த்தால் காந்தக் கலக்கி, 37 டிகிரியில் நிற்கும் நீர்த்தொட்டி, மைக்ரோபிப்பெட், 365 நானோமீட்டர் கை விளக்கு, யூவியைத் தடுக்கும் கண்ணாடி, பிஹெச் தாள் ஆகியவை போதும். தங்க உப்பை எடுக்க உலோக ஸ்பேட்டுலா கூடாது. ஈரம் பட்ட உப்பு எஃகை அரிக்கும், தங்கம் அதன் மேல் படியும், அளவும் கெடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டியால் எடுங்கள்.

3. பாத்திரம்

முன்பு யாரோ வெள்ளி நானோதுகள் செய்த பீக்கரில் இதைச் செய்தால் வேலை தொடங்கும் முன்பே தோற்றுவிட்டது. சுவரில் ஒட்டிய உலோகத் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு விதை. கரைசலில் ஒடுங்கும் தங்கம் புரதத்துக்குள் சின்னக் கொத்தாக அடங்காமல் அந்த விதையின் மேல் போய் அமர்ந்து வளரும்.

இதற்கு வழக்கமான மருந்து இராஜ திராவகம்: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்டுக்குள், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நைட்ரிக்கை மெதுவாக ஊற்ற வேண்டும். அசிட்டோன், ஆல்கஹால் பட்ட பாத்திரத்தில் ஊற்றவே கூடாது, வெடிக்கும். மூடிய புட்டியில் வைக்கவும் கூடாது. குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் தொடர்ந்து கிளம்பிப் புட்டியை உடைத்துவிடும். பாத்திரத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்து, தூய நீரில் குறைந்தது ஐந்து முறை கழுவுங்கள். மிஞ்சும் குளோரைடும் அமிலமும் அடுத்த நாள் வேலையைக் கெடுக்கும்.

முதல் மாதம் இராஜ திராவகம் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 20 மிலி கண்ணாடிக் குப்பிகளைப் புதிதாக ஒரு பெட்டி வாங்கி, தூய நீரில் அலசி, ஒரு குப்பி ஒரு முயற்சிக்கு என்று பயன்படுத்துங்கள். செலவு சிறிது, ஆபத்து இல்லை, விதையும் இல்லை.

குப்பி புதிதாக இருந்தும் பலர் தோற்பது காந்தத் துண்டால். பழைய டெஃப்லான் துண்டின் கீறல்களில் பிறருடைய பல்லேடியமும் வெள்ளியும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்கென்று புதிய துண்டுகள் நாலைந்து ஒதுக்கி வையுங்கள்.

4. மூன்று கரைசல்கள்

தங்கம்: உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, எடை போடும்போதே கசிந்து கூழாகும். அதனால் ஒவ்வொரு முறையும் 20 மிகி எடை போடுவது வீண் வேலை. 1 கிராம் புட்டியை முழுதாகத் திறந்து, புட்டியையும் அலசி ஊற்றி, மொத்தம் 25.4 மிலி ஆக்குங்கள். இது 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல். பழுப்புப் புட்டியில், 4 டிகிரியில் வையுங்கள். வேண்டும்போது பத்து மடங்கு நீர்த்து எடுத்துக்கொள்ளலாம். இருப்பின் அடியில் கருப்புப் பொடியோ சுவரில் பொன்னிறப் படலமோ தெரிந்தால் தங்கம் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். செறிவை இனி நம்ப முடியாது. கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு ஊதாக் கறை வரும். அது தோலே ஒடுக்கிய தங்கம், கழுவினால் போகாது.

புரதம்: 500 மிகி தூளை 9.6 மிலி நீரின் மேற்பரப்பில் தூவிவிட்டு அசைக்காமல் விடுங்கள். அரை மணி நேரத்தில் தானே நனைந்து இறங்கும். பிறகு மெல்லச் சுழற்றி 10 மிலி ஆக்கலாம். வோர்டெக்ஸ் என்ற அதிர்வுக் கலக்கியில் வைத்தால் நுரை பொங்கும். நுரையின் காற்று முகப்பில் புரதம் விரிந்து திரியும், பிப்பெட்டில் எடுக்கும் அளவும் தப்பும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். தெளிவாக, மிக இலேசான மஞ்சளாக இருக்க வேண்டும்.

எரிசோடா: 4.0 கிராம், 100 மிலி நீரில். பிளாஸ்டிக் புட்டியில் இறுக மூடி வையுங்கள். வில்லைகள் மேல் வெள்ளை மாவு படிந்திருந்தால் அது காற்றின் கரியமில வாயு சேர்ந்த கார்பனேட். எடை சரியாக இருக்கும், காரம் குறைவாக இருக்கும். ஆய்வகத்தில் யாரோ எப்போதோ "1 மோலார்" என்று எழுதி வைத்த புட்டியை எடுக்காதீர்கள். ஒளிராத மஞ்சளுக்கு முதல் காரணம் அந்தப் புட்டிதான்.

5. கலக்கும் வரிசை

தங்கக் கரைசலையும் புரதக் கரைசலையும் தனித்தனியே 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் போதும். கலக்கியின் திரையில் தெரியும் எண் தட்டின் வெப்பம், குப்பியின் வெப்பம் அல்ல. வெறும் நீர் ஊற்றிய இன்னொரு குப்பியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

இப்போது புரதத்தை வேகமாகக் கலக்கிக்கொண்டே அதன்மேல் தங்கத்தை ஊற்றுங்கள். தங்கத்தின் மேல் புரதத்தை ஊற்றக் கூடாது. முதல் வரிசையில் எந்த நொடியிலும் புரதம் மிகுதியாக இருக்கும், தங்க அயனிகள் மூலக்கூறுகள் எல்லாவற்றிலும் பரவி ஒட்டும். மாற்றி ஊற்றினால் முதலில் விழும் புரதத் துளி அமிலமும் தங்கமும் நிறைந்த கரைசலில் மாட்டித் திரிந்து கட்டியாகும்.

ஊற்றியதும் கரைசல் கலங்கிய மஞ்சளாக மாறும். பயப்பட வேண்டாம், அமிலத்தில் புரதம் தற்காலிகமாகத் திரள்வதுதான். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். தங்கம் புரதத்தில் போய்ப் பிடிப்பதற்கான நேரம் இது.

இரண்டாவது நிமிடம் முடிந்ததும் எரிசோடா முழுவதையும் ஒரே மூச்சில் விடுங்கள். பிப்பெட் முனையைச் சுழலும் நீர்க்குழிக்கு அருகில் வைத்துச் செலுத்துங்கள், சுவரில் வழியவிடாதீர்கள். கலங்கல் சட்டென்று தெளிந்து, ஒளி ஊடுருவும் மஞ்சளாகும்.

இந்தக் காரம் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றது தானே விளங்கும். இங்கே தனியாக ஒடுக்கி எதுவும் இல்லை, புரதமே ஒடுக்குகிறது. முக்கியமாக டைரோசின். அதன் ஃபீனால் தொகுதி புரோட்டானை இழந்தால்தான் தங்கத்துக்கு எலெக்ட்ரான் தரும் வலு பெறும், அதற்கு பிஹெச் 10-ஐத் தாண்டிச் செல்ல வேண்டும். அதே காரத்தில் புரதம் சற்று விரிகிறது. உள்ளே இருக்கும் 35 சிஸ்டீன்களின் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) கந்தகம் தங்கத்துக்குக் கை கொடுத்து, கொத்து வளராமல் நிறுத்துகிறது. பிஹெச் அரைகுறையாக நின்றால் ஒடுக்கம் மெதுவாக நடக்கும், கந்தகம் முழுதாக எட்டாது, துகள் பெரிதாகும்.

சொட்டுச் சொட்டாக எரிசோடா விடுவது அதனால்தான் தவறு. கரைசல் இடைப்பட்ட பிஹெச் அளவுகளில் நிமிடக் கணக்கில் தங்கிவிடும். எரிசோடாவை முதலில் புரதத்தில் சேர்த்துவிட்டுத் தங்கத்தைக் கடைசியில் விடுவதும் தவறு: தங்க அயனி புரதத்தைத் தொடும் முன்பே ஹைட்ராக்சைடாக மாறி, ஒடுக்குவதற்குக் கடினமாகிவிடும்.

பத்து நிமிடம் கழித்து ஒரு துளியை பிஹெச் தாளில் வைத்துப் பாருங்கள். 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கண்ணாடி மின்முனையை முக்க வேண்டாம்; புரதம் படிந்து அது கெடும், இந்த அளவுக் காரத்தில் சோடியப் பிழையும் வரும்.

6. பக்கத்தில் ஓட வேண்டிய இரண்டு குப்பிகள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் குப்பியில் தங்கத்துக்குப் பதில் நீர்: புரதம், நீர், எரிசோடா. இரண்டாவதில் எரிசோடாவுக்குப் பதில் நீர்: புரதம், தங்கம், நீர். மூன்றும் ஒரே தொட்டியில், ஒரே நேரம்.

முதல் குப்பி தங்கமே இல்லாமல் காலையில் யூவியில் மங்கலான நீலமாக ஒளிரும். அது காரத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதத்தின் ஒளிர்வு. இந்தக் குப்பி இல்லையென்றால் "நீல நிற நானோகொத்து கிடைத்தது" என்று எழுதும் ஆபத்து உண்டு, அப்படி எழுதியவர்களும் உண்டு. இரண்டாவது குப்பி சிவப்பாக ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் குப்பி மாறிவிட்டதா, பிப்பெட் முனை மாற்றாமல் எடுத்தீர்களா என்று பாருங்கள்.

7. பன்னிரண்டு மணி நேரம்

குப்பியை மூடி, 37 டிகிரியில், நன்றாகக் கலங்கும்படி விடுங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் காலை ஆறு. மஞ்சள் சில மணி நேரத்தில் வெளிர் பழுப்பாகும், காலையில் அடர்ந்த பழுப்பு. தேநீர் டிகாக்‌ஷன் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் முறைகள் இருக்கின்றன, மைக்ரோவேவில் சில நிமிடங்களில் முடிப்பதும் உண்டு. 37 டிகிரியில் மூன்று முறை ஒரே விளைவு வந்த பிறகு அங்கே போகலாம். இரவில் மின்சாரம் போய்க் கரைசல் ஆறிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் நின்றது என்று குறித்துக்கொண்டு அந்த நேரத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் அந்தத் தொகுதியை ஒப்பீட்டுக்கான அளவீடுகளில் சேர்க்காதீர்கள்.

8. காலையில் விளக்கடியில்

அறையை இருட்டாக்கி, கருப்புப் பின்னணியில் குப்பியை வையுங்கள். வெள்ளைக் காகிதம், டிஷ்யூ, சலவை செய்த ஆய்வகக் கோட்டு எல்லாமே வெண்மையூட்டிகளால் நீலமாக மின்னி, மங்கலான சிவப்பை மறைக்கும். கைப்பேசி கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்து சிவப்பை இளஞ்சிவப்பாக்கும். படம் எடுப்பதென்றால் வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டு, மூன்று குப்பிகளையும் ஒரே படத்தில் எடுங்கள்.

நிறம் தப்பியிருந்தால், காரணத்தைப் பின்வருமாறு தேடலாம்.

ஊதா அல்லது ஒயின் சிவப்பு: பெரிய தங்கத் துகள்கள் உருவாகிவிட்டன. காந்தத் துண்டு, குப்பி, பிறகு பிஹெச் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். இந்தக் கரைசலைக் காப்பாற்ற வழியில்லை.

மஞ்சளாகவே நிற்கிறது, ஒளிரவில்லை: எரிசோடாவின் வீரியம் போய்விட்டது, அல்லது குப்பிக்குள் 37 டிகிரி எட்டவே இல்லை. பிஹெச் தாள் உடனே சொல்லிவிடும்.

பழுப்பு சரி, ஒளிர்வு மட்டும் மங்கல்: விளக்கின் குற்றமாக இருக்கலாம். அடர்ந்த கரைசல் யூவியை முதல் மில்லிமீட்டரிலேயே உறிஞ்சிவிடும். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பல நேரம் நீர்த்த பிறகுதான் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

வெள்ளை நூல் போன்ற கட்டிகள்: தங்கம் ஊற்றியபோது கலக்கல் போதவில்லை, அல்லது இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது.

அடியில் கருப்பு வண்டல்: தங்க இருப்பே கெட்டிருக்கலாம்.

9. டயாலிசிஸ்

மீந்த காரமும் உப்பும் போக வேண்டும். அதற்குக் கரைசலைச் சவ்வுக் குழாயில் கட்டி நீரில் ஊறவிடுவதுதான் டயாலிசிஸ். 12 முதல் 14 கிலோடால்டன் வெட்டு அளவுள்ள சவ்வுக் குழாய் பொருத்தம். 66 கிலோடால்டன் புரதம் உள்ளே நிற்கும், அயனிகள் வெளியேறும்.

சவ்வை வாங்கியபடியே பயன்படுத்தாதீர்கள். அதில் கிளிசரினும், தயாரிப்பில் தங்கிய கந்தகச் சேர்மங்களும் உலோகத் தடயங்களும் இருக்கும். தங்கத்துக்குக் கந்தகத்தோடு உள்ள ஒட்டுறவு தெரிந்ததுதான். 2 விழுக்காடு சோடியம் பைகார்பனேட்டும் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 1 மில்லிமோலாரும் கலந்த நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தூய நீரில் நன்றாக அலசுங்கள். பின்னால் பாதரசச் சோதனை செய்வதாக இருந்தால் ஈடிடிஏ மிச்சமில்லாமல் அலசுவது முக்கியம்.

குழாயில் மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டுக் கட்டுங்கள். உள்ளே புரதமும் உப்பும், வெளியே வெறும் நீர். சவ்வூடு பரவலால் நீர் உள்ளே ஏறும், முழுக்க நிரப்பிய குழாய் இரவில் வெடிக்கும். 10 மிலிக்கு 1 லிட்டர் நீர், 24 மணி நேரத்தில் நான்கைந்து முறை மாற்றுங்கள். முடிவில் பிஹெச் 7-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். ஒளிர்வு நிலைத்திருக்க வேண்டும்.

கன அளவு கூடியிருக்கும், ஆகவே செறிவு மாறியிருக்கும். தொடக்கத்தில் தங்கம் 4.76 மில்லிமோலார், 10.5 மிலி இப்போது 13 மிலி ஆகியிருந்தால் 3.85. எதையும் "தங்கக் கணக்கில் இத்தனை மோலார்" என்றே எழுதுங்கள். கொத்துக் கணக்கில் எழுத, கொத்து ஒன்றில் எத்தனை அணு என்று முதலில் தெரிய வேண்டும்.

10. நிறமாலை எடுக்கும்போது

உறிஞ்சல் நிறமாலையை முதலில் எடுங்கள். 280 நானோமீட்டரில் புரதத்தின் முகடு, பிறகு சிவப்பை நோக்கிச் சரிந்து இறங்கும் வால். 520-ஐ ஒட்டி ஒரு மேடு தெரிந்தால் பெரிய துகள் இருக்கிறது; கண்ணுக்கு ஊதா தெரியாத அளவிலும் கருவிக்குத் தெரியும்.

ஒளிர்வு அளக்க, கிளர்வு அலைநீளத்தில் (ஒளிரவைக்கப் பாய்ச்சும் ஒளியின் அலைநீளம்) உறிஞ்சல் 0.1-க்குக் கீழ் வரும்வரை நீர்த்துக்கொள்ளுங்கள். 20 மடங்கில் தொடங்கலாம். அடர்ந்த கரைசலில் ஒளி குவெட்டின் (அளவீட்டுக்கான சிறு சதுரக் குப்பி) நடுப்பகுதியை எட்டாது, உணரியோ நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது. "செறிவு கூட்டினேன், ஒளிர்வு குறைந்தது" என்ற வியப்புக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

470 நானோமீட்டரில் கிளர்த்தினால் 640-ஐ ஒட்டி அகன்ற முகடு வரும். கருவியின் சிவப்புப் பகுதித் திருத்தத்தைப் பொறுத்து இது 650-ஐத் தாண்டித் தெரிவதும் உண்டு, அதைப் புதிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று போலி முகடுகளை அடையாளம் கண்டு வையுங்கள். 470-இல் கிளர்த்தும்போது 559-இல் ஒரு சின்னப் புடைப்பு வந்தால் அது நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறு அலைநீளத்தை மாற்றிச் சிதறடித்த ஒளி. 365-இல் கிளர்த்தினால் அதே நீர் 417-இல் காட்டும், புரதத்தின் நீலத்தோடு சேர்ந்து குழப்பும். மோசமானது மூன்றாவது: 320-இல் கிளர்த்தினால் கருவியில் நிறங்களைப் பிரிக்கும் கீற்றணி அதன் இரண்டாம் வரிசை ஒளியைச் சரியாக 640-இல் கொண்டு வந்து நிறுத்தும். ஊசி போலக் கூர்மையான, அழகான, முற்றிலும் பொய்யான முகடு. கிளர்வை 10 நானோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கொத்தின் முகடு இடத்தை விட்டு அசையாது, போலி 20 நகரும். வெறும் நீரை அதே அமைப்பில் எடுத்தாலும் தெரிந்துவிடும்.

குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒளியில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு) மூல ஆய்வில் சுமார் 6 விழுக்காடு. எத்தனாலில் கரைத்த ரோடமின் 6ஜி என்ற ஒளிரும் சாயத்தை 0.95 என்று வைத்து ஒப்பிடுவது வழக்கம், ஆனால் அதன் உமிழ்வு 550-ஐ ஒட்டியது. உணரியின் உணர்திறன் சிவப்பில் சரியும், திருத்தம் போடாமல் ஒப்பிட்டால் உங்கள் எண் குறைந்தே வரும். நீருக்கும் எத்தனாலுக்கும் ஒளிவிலகல் எண் வேறு என்பதையும் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள்.

11. "25 அணுக் கொத்து" என்று எழுதும் முன்

இந்தக் கொத்தில் 25 தங்க அணுக்கள் என்பது பரவலான கூற்று. மூலக்கூறின் நிறையை அளக்கும் மால்டி நிறைமாலையில் பிஎஸ்ஏயின் முகடு சுமார் 4,900 டால்டன் நகர்வதிலிருந்து வந்தது அது: 25 × 196.97 = 4,924. உங்கள் கரைசலில் இதை அளக்காமல் எழுதாதீர்கள். முதல் பகுதியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: புரதத்துக்குச் சராசரி 13 அணுக்கள்தான் கொடுத்திருக்கிறோம். எல்லா மூலக்கூறுக்கும் 25 வீதம் கொடுக்க இந்தத் தங்கம் போதாது. சிலவற்றில் கொத்து, சிலவற்றில் குறைவு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை என்றுதான் இருக்க முடியும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். எலெக்ட்ரான் கற்றை பட்டதும் கொத்துகள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து 2, 3 நானோமீட்டர் துகளாகும். கற்றையை ஒரே இடத்தில் ஒரு நிமிடம் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்தால் நீங்களே பார்க்கலாம்.

12. பாதரசம் பட்டால் ஒளிர்வு அணைகிறதா?

பாதரச அயனி பட்டதும் சிவப்பு ஒளிர்வு அணையும். கொத்தின் மேற்பரப்பில் ஒற்றை நேர்மின் தங்கம் இருக்கிறது. அதற்கும் இரட்டை நேர்மின் பாதரசத்துக்கும் ஒரே நிறைந்த டி10 கூடு (பத்து எலெக்ட்ரானும் நிரம்பிய டி கூடு), இரண்டும் வலுவாக ஈர்த்துக்கொள்கின்றன. கிளர்ந்த ஆற்றல் ஒளியாகாமல் அந்த வழியே கழிகிறது.

டயாலிசிஸ் முடித்த கரைசலை, பிஹெச் 7-இல் உள்ள 20 மில்லிமோலார் பாஸ்பேட்டில் 50 மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே தாங்கல் வேண்டும், ஏனென்றால் பாதரச இருப்பு அமிலத்தில் இருக்கும். ஒவ்வொரு குவெட்டிலும் 1.98 மிலி கொத்துக் கரைசல், 20 மைக்ரோலிட்டர் பாதரசக் கரைசல். முடிவுச் செறிவுகள் 0, 0.1, 0.5, 1, 5, 10 மைக்ரோமோலார். பூஜ்யக் குவெட்டில் பாதரசம் இல்லாத அதே அமில நீரை 20 மைக்ரோலிட்டர் விடுங்கள், அப்போதுதான் நீர்த்ததால் வந்த குறைவு கழியும். ஒவ்வொன்றையும் சேர்த்த பத்தாவது நிமிடத்தில் அளந்து விடுங்கள்.

நானோமோலார் அளவில் பாதரசம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். இருப்பை நைட்ரிக் அமிலம் கலந்து வைத்து, நீர்த்ததை அன்றே பயன்படுத்துங்கள். கண்டறியும் எல்லைக்கு, வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து திட்டவிலக்கம் எடுத்து, அதன் மூன்று மடங்கைச் சாய்வால் வகுங்கள். 2010-இல் அதே சிங்கப்பூர் குழுவினர் 0.5 நானோமோலார் எட்டியதாக எழுதினார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய எல்லை லிட்டருக்கு 0.001 மிகி, அதாவது சுமார் 5 நானோமோலார். உங்கள் எண் மைக்ரோமோலாரில் நின்றால் குடிநீர்ச் சோதனை என்ற சொல்லைத் தலைப்பில் போட முடியாது.

செம்பு அயனியும் இந்த ஒளிர்வைக் குறைக்கும். செம்பு, ஈயம், காட்மியம், துத்தநாகம், இரும்பு ஒவ்வொன்றையும் தனியாகவும் பாதரசத்தோடு சேர்த்தும் 10 மைக்ரோமோலாரில் பார்க்காமல் தேர்திறன் (பாதரசத்தை மட்டும் காட்டும் திறன்) பற்றிப் பேசக் கூடாது. சயனைடு தங்கத்தையே கரைத்துவிடும் என்பதால் அதனால் ஒளிர்வு அணைவது வேறு வகை.

13. சேமிப்பும் கழிவும்

நடுநிலைக்கு வந்த புரதக் கரைசல் கிருமிகளுக்கு விருந்து. 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, சிறு சிறு பங்காகப் பிரித்து, 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் புரதம் திரளும். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் உறைநிலையில் உலர்த்தித் தூளாக்குங்கள். வாரம் ஒருமுறை அதே அமைப்பில் 640-இல் ஒளிர்வின் அளவை அளந்து குப்பியின் மேலேயே எழுதி வையுங்கள். மங்கத் தொடங்கிய நாள் எது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

தங்கக் கழிவுக்கும் பாதரசக் கழிவுக்கும் தனித்தனிப் புட்டி. முதலாவதைச் சேர்த்து வைத்தால் தங்கத்தை மீட்கலாம். இரண்டாவது ஒரு துளியும் தொட்டிக்குப் போகக் கூடாது. அந்தச் சோதனைக்கு எடுத்த பிப்பெட் முனைகளும் குவெட் கழுவிய முதல் நீரும் அதே புட்டிக்குத்தான். பயன்படுத்திய இராஜ திராவகத்தை ஆறவிட்டு, நிறைய நீரில் மெதுவாக ஊற்றி, நுரை அடங்க அடங்க பைகார்பனேட் சேர்த்து நடுநிலையாக்குங்கள். அதில் கரைந்திருக்கும் உலோகமும் சேர்ந்தே இருப்பதால் அதையும் உலோகக் கழிவுப் புட்டியில் ஊற்ற வேண்டும்.